முப்பத்தைந்து வாரம்

திரையில் முப்பத்தைந்து வாரம் என்று வந்தது. அட்டையில் அதை எழுதி, மேலே இருந்த தேதியை அடித்தேன். உகாண்டாவில், குலு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் அதுதான் வழக்கம். பெண் சொன்னதை அடித்துவிட்டு ஸ்கேன் சொன்னதை எழுதுவோம்.

"எதுக்கு சிஸ்டர் அடிச்சீங்க?" என்று படுத்தபடியே கேட்டாள் அதோச்.

"மெஷின் வேற சொல்லுது."

"மெஷினா என் புருஷனோட படுத்துச்சு? அவர் எல்லை தாண்டி ஜூபாவுல லாரி ஓட்டுறாரு. பிப்ரவரி ஆரம்பத்துல தம்பியப் புதைக்க வந்தாரு. மூணு ராத்திரி. அப்புறம் வரவே இல்ல."

சிரித்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். இது அக்டோபர் கடைசி. நாற்பது வாரம். சிரிப்பு நின்றது.

"மூணாம் மாசமே வந்திருக்கலாமே?"

"வயிறு தெரியுமுன்ன யாராச்சும் வெளிய சொல்லுவாங்களா? நீங்க சொன்னீங்களா?"

நானும் சொன்னதில்லை. அந்த முதல் மாதங்களில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே அளவு. அளந்தால் தேதி சரியாக வரும். இப்போது ஒலி உள்ளே போய்த் திரும்பி, தலையையும் தொடை எலும்பையும் அளந்து, அந்த அளவுக்குரிய வாரத்தைக் காட்டுகிறது. குழந்தை வளராமல் நின்றுபோயிருந்தால் மெஷினுக்குத் தெரியாது. மறுபடி பார்த்தேன். குழந்தையைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிய வேண்டிய நீர் விரல் அகலம்கூட இல்லை.

அட்டையோடு டாக்டர் ஓகெனியிடம் ஓடினேன்.

"முப்பத்தஞ்சுதானே? மூணு வாரம் கழிச்சு வரட்டும்."

"அவ கணக்குல நாற்பது, டாக்டர். தண்ணியும் வத்திப்போச்சு."

"இவங்க கணக்க நம்ப முடியுமா? நீங்களே முப்பத்தஞ்சுன்னுதானே எழுதியிருக்கீங்க?"

என் கையெழுத்துதான். அதைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

"தப்பா எழுதிட்டேன். புருஷன் வந்துபோனது பிப்ரவரியிலதான்."

"புருஷன் சரி. வேற யாராவது வந்துபோயிருந்தா?"

காது சூடேறியது. "யாரோட புள்ளன்னு நான் ஸ்கேன் பண்ணல, டாக்டர். தண்ணி இல்லன்னு சொல்றேன். நீங்களே வந்து பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கருவியை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். பிறகு, "ஆபரேஷன் தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. நகங்கள் விரலைத் தாண்டி வளர்ந்திருந்தன, தோல் உரிந்திருந்தது. நாள் நிறைந்த குழந்தைக்குத்தான் அப்படி இருக்கும். ஆனாலும் அழுதது.

அதோச் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒன்பது வருடமாக இந்த அறையில் இருக்கிறேன். எத்தனை பேர் தேதியை அடித்திருப்பேன்? மூன்று வாரம் கழித்து வா என்று அனுப்பியவர்களில் திரும்பி வராதவர்கள் வேறெங்கோ பெற்றிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.