தேய்க்காத வெள்ளி டாலர்

கிட்டே வாருங்கள் செல்லங்களே, சோம்பேறித்தனம் ஜெயித்த கதையைச் சொல்கிறேன்.

அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு பழைய அமெரிக்க வெள்ளி டாலர் நாணயத்தோடு நாணயக் கடைக்குப் போனார்கள். ஒன்றாவது நல்ல விலைக்குப் போனால்தான் தையல் மெஷின் வாங்கமுடியும். அண்ணியுடையது பளபளத்தது, நாத்தனாருடையது கறுத்திருந்தது.

"பல்பொடி போட்டுத் தேய்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், கேட்டாளா?" என்றாள் அண்ணி.

"கை வலிச்சுது அண்ணி."

கடைக்காரர் விளக்கடியில் அண்ணியின் டாலரைச் சாய்த்தார். "பொடிப்பொடியா கீறல். தேய்ச்சுட்டீங்க, தரம் போச்சு."

அண்ணிக்கு முகம் தொங்கிவிட்டது.

அடுத்ததைச் சாய்த்தார். கறுப்புக்கடியில் வெளிச்சம் சக்கரமாய்ச் சுழன்றது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். "யாரும் தேய்க்கலை, அச்சடிச்சப்போ இருந்த மினுமினுப்பு அப்படியே இருக்கு. முதல் தரம்மா இது!"

அண்ணி நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "இனிமே உன்னை எதையும் தேய்க்கச் சொல்லமாட்டேன்டி."

"பாத்திரத்தையும் சேர்த்துத்தானே அண்ணி?"

அன்றைக்கே மெஷின் வீட்டுக்கு வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படிச் சிரிப்பு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.