கழுத்துக்குள் ஒரு மகான் வாக்கு

ஆயுத பூஜைக்கு அருள்புரத்து பனியன் கம்பெனி ஒன்றில் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் நஞ்சப்பன். ஐநூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ஞானிகளைப் பற்றி முழங்கினார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவனே படித்தவன் என்றார்களாம். பரிசாகக் கொடுத்த, இத்தாலிக்கு ஏற்றுமதியாகும் டி-சர்ட்டின் கழுத்துக்குள் இத்தாலிய மொழியில் ஒரு வரி அச்சாகியிருந்தது. அவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மைக் கையில் இருந்தால் எந்த மொழிதான் புரியாது?

"அடடா, மகான் வாக்கு! 'இன்பத்தைக் கற்றவனே எல்லாம் கற்றவன்' என்கிறார்!"

தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள்.

மறுநாள் துவைக்க எடுத்த மனைவி மயிலாள், "ஏனுங்க, கீழ பொடி எழுத்துல அதையே இங்கிலீஷ்லயும் போட்டிருக்குதுங்களே" என்று நீட்டினாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைக்கவும் என்றிருந்தது.

காதெல்லாம் சுட்டது. தன் மானம் கப்பலேறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று முதலாளி செல்வக்குமாரிடம் ஓடினார்.

"நேத்து நான் சொன்னது தப்புங்க தம்பி. யாருக்கும் தெரியறதுக்குள்ள..."

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க சார். தெனமும் அந்த வரிய அடிக்கறதே நம்ம ஆளுங்கதானுங்களே."

"அப்புறம் ஏனுங்க அப்படிக் கைதட்டுனாங்க?"

"விருந்தாளிய மேடையேத்தி உட்டுட்டு நாமளே எறக்குனா நல்லாவாங்க இருக்கும்?"

திரும்பிப் போகையில் மெஷின்களை நிறுத்தி எழுந்து எல்லோரும் வணக்கம் வைத்தார்கள். ஒருவராவது சிரித்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.