மரகதத்துக்குப் பிள்ளைகள் இல்லை

செண்பகத்தின் பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மரகதம் என்று மாறியது. சோழிங்கநல்லூரையும் தாண்டி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்து நின்ற நேரம். "மரகதம், கொடத்த கொஞ்சம் நகத்து" என்றாள் பக்கத்து வீட்டு வேம்பு. செண்பகமும் நகர்த்தினாள். மாலையில் புருஷன் கோதண்டபாணி அதே பெயரைச் சொல்லித்தான் காபி கேட்டார். ரேஷன் அட்டையைப் பார்த்தால் அதிலும் மரகதம். அன்றைக்குத் தக்காளி கிலோ நாற்பது ரூபாய், கத்தரிக்காய் முப்பது.

அதற்கு முந்தின நாள்தான் பல்கலைக்கழகத்தில் நீரஜாவின் சமூகவியல் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டு கைதட்டியிருந்தார்கள். நீரஜாவின் உயிர்த்தோழி கயல், செண்பகத்தின் ஒரே மகள். அவள் அதே பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தாள். பெயர் வெறும் அடையாளம், அதை மாற்றினால் பொருள் மாறிவிடாது என்று தேர்வில் நான்கு பக்கம் எழுதி வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் நீரஜாவின் வீடு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கயலின் விடுதி. இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டார்கள், பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரே பொட்டலத்துச் சுண்டலைத் தின்றார்கள். குடிசை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வுக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை என்று நீரஜா கண் கலங்கியபோது, "எங்க வூட்டுக்கு வா, எங்கம்மா பேசும்" என்று அழைத்துப் போனதும் கயல்தான்.

செண்பகம் முதலில் வாயே திறக்கவில்லை. "சொல்லும்மா, அவ நம்ம ஆளு" என்று கயல் அடித்துச் சொன்ன பிறகுதான் பேச்சு வந்தது. மூன்றாவது முறை போனபோது, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுச் சோறும் வஞ்சிரக் குழம்புமாக உட்கார்ந்திருந்த வேளையில், கயலுக்கே தெரியாத ஒன்றை அவள் சொன்னாள். அடையாற்றங்கரையில் குடிசைகள் இருந்த காலத்தில், இடிக்க வருகிறவர்களைத் தடுக்கத் தெருவே முறை வைத்துக் காவல் இருந்தது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்தன்று மட்டும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் அத்தனை பேரும் அங்கே போய்விடுவார்கள். அந்த நாளில்தான் இயந்திரங்கள் வந்து குடிசைகளை இடித்தன, தெரு மொத்தமும் இந்த அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது. "ஆள் இல்லாத நாள் எதுன்னு குடிசைய எடுக்க வந்த ஆபீசர் கேட்டான். நாந்தான் சொன்னேன். இவளுக்கு மைலாப்பூர் ஆஸ்டல்ல எடம் வாங்கித் தரேன்னான். இவ படிக்கணும்ல?" என்றாள் செண்பகம். கயல் பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் கை கழுவினாள்.

இதை எழுதாதே என்று பேருந்து நிறுத்தத்தில் கயல் கெஞ்சினாள். நீரஜா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதினாள். நான்காம் இயல் முழுக்க அதுதான்.

நூலகத்தில் அதைப் படித்துவிட்டுக் கயல் போய்க் கேட்டபோது நீரஜா தடுமாறவே இல்லை. "பேரை மரகதம்னு மாத்திட்டேன் கயல். எங்க துறையில அதானே முறை? பொண்ணு இருக்குன்னு போட்டா நீதான்னு தெரிஞ்சிடும், அதனால பிள்ளைங்களே இல்லன்னு எழுதிட்டேன். உனக்காகத்தான்" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, பிள்ளை இல்லை என்றால் காட்டிக்கொடுக்க வேறொரு காரணம் வேண்டுமே, அதனால் தரைத்தளத்து வீட்டுக்கு ஆசைப்பட்டதாகப் போட்டிருக்கிறேன் என்றாள். கயல் திருத்தச் சொன்னாள். ஏற்றுக்கொண்ட ஆய்வேட்டில் ஓர் எழுத்தைக்கூட இனி மாற்ற முடியாதாம். சொல்லும்போது நீரஜாவுக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தோடேயே தங்கப்பதக்கம் வாங்கிக்கொண்டு மேல்படிப்புக்கு டெல்லிக்குப் போனாள்.

குடியிருப்பில் ஒருவரும் ஆய்வேட்டைப் படிக்கவில்லை. தேர்வாளர்களே முழுக்கப் படித்தார்களா என்பது சந்தேகம். ஆனால் பெயர் வந்து ஒட்டிய கையோடு, மரகதம் என்ன செய்தாள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வேம்பு மட்டும் தண்ணீர் வரிசையில் தன் குடத்தை எட்ட வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். வெள்ளிக்கிழமையன்று, ஆறாம் மாடியில் இருந்த அவர்கள் வீடு பாத்திரம் பண்டத்தோடு தரைத்தளத்துக்கு இறங்கிவிட்டது. ஆறாம் மாடியில் அந்த இடத்தில் வெறும் சுவர். தரைத்தளத்துக்காரர்கள் ஒரு வீடு கூடிப்போனதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் மோட்டார் செலவில் தங்கள் பங்கு குறையும் என்று கணக்குப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கயல் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த கோதண்டபாணி அவளைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "காலேஜ் பொண்ணு ஒண்ணு வந்துகீது, டீ போடு" என்றார். மரகதம் முந்தானையில் கை துடைத்தபடி வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காரும்மா. இன்னா கேக்கணுமோ கேளு." சுவரில் கயலின் பள்ளிக்கூடப் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. அம்மா என்று கூப்பிட்டாள் கயல். ஊரில் எந்தப் பெண்ணும் எந்தப் பெரியவளையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்பதால் மரகதம், "சொல்லு" என்றாள்.

கேட்பதற்குக் கயலிடம் ஒன்றுதான் இருந்தது. அந்த நாளை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

மரகதம் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "வூட்டுக்கு ஆசப்பட்டுதான்னு எல்லாரும் சொல்றாங்கோ. இருக்கும். ஆனா யாருக்கோசரமோ சொன்னா மாரி கீது. யாருன்னுதான் நெனப்பு வரமாட்டேங்குது."

கயல் டீயை ஆறவிட்டுக் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் போகிறாள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் காலேஜ் பொண்ணுதான். மரகதமும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வஞ்சிரம் வாங்கினால் ஒரு துண்டு எடுத்து வைத்து, கேட்டதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்கிறாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. போன வாரம் வாசல் வரை வந்து அதையும் சொல்லிவிட்டாள்: "மொதல்ல வந்த பொண்ணு எல்லாத்தையும் எழுதிக்கினு போச்சு. நீ மட்டும் ஒண்ணுமே எழுதிக்க மாட்டேங்கிறியே, கண்ணு."