அவர் முடிச்சா நான் ஆரம்பிச்சிருவேன்

என் தங்கை பல் டாக்டர். பெரிய டாக்டர் ஒருவரிடம் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் திறக்கப் போகிறாள். "திறக்க முடியலேன்னா பேசாம திங்கக்கிழமை இங்கயே வந்துடும்மா" என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார். திறப்பு ஏற்கெனவே தள்ளிப்போய், இந்த வெள்ளிக்கிழமை என்று ஆகியிருந்தது. "இதுவும் தள்ளிப்போச்சுன்னா நான் அவர்கிட்டயே போயிடுவேன்க்கா. என்னால முடியல" என்றாள்.

நான் மென்பொருள் எழுதுபவள். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டம். எது முடிந்தால் எது தொடங்கும் என்பதற்கு அம்புக்குறி. தாமதமானால் கட்டம் சிவக்கும். "பாலமே இதை வச்சுக் கட்டறாங்க, உன் கிளினிக் எம்மாத்திரம்!" என்று பீற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நோயாளி நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர் மூன்று பேருக்கும் போன் போட்டு, சொன்னதைச் சொன்னபடி ஏற்றினேன்.

திறப்புத் தேதி வரவேயில்லை. 'வட்டம்' என்று ஒரே சிவப்பு. நான் எழுதிய நிரலைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் தச்சருக்காகக் காத்திருந்தார். தச்சர் பெயின்டருக்காக, பெயின்டர் எலக்ட்ரீஷியனுக்காக. மூவரிடமும் ஒரே பாட்டுத்தான்: "அவர் முடிச்சா நான் ஆரம்பிச்சிருவேன்." மூவரையும் வரவழைத்துத் திரையைக் காட்டினேன்.

"அலமாரிக்காக நான் எங்கங்க நிக்கறேன்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"'அலமாரி முடியட்டும்'னு நீங்கதானே போன்ல சொன்னீங்க!"

"முடிவாகட்டும்னேன்! எந்த இடத்துல வருதுன்னு முடிவானா போதும். பிளக்குக்கு இடம் விட்டுச் சுவரை வெட்டிடுவேன்."

நடுவில் இருந்த 'வாக'வை என் காது விழுங்கியிருக்கிறது. பாலம் கட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு நான் வழிந்தேன். "இதைத்தானா இத்தனை நாளா யாரும் கேட்கலை?" என்று தச்சர் பென்சிலை எடுத்துச் சுவரில் சரசரவென்று கோடு இழுத்தார். அவர் கையை எடுப்பதற்குள் எலக்ட்ரீஷியன் துளைக்கருவியை ஓட்டிவிட்டார். திரையில் வட்டம் அறுந்து வெள்ளிக்கிழமை வந்தது. தங்கை என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பெயின்ட் வாசனை போகவில்லை, ஆனாலும் கதவு திறந்திருந்தது. நோயாளி என்று ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. தங்கை கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். எலக்ட்ரீஷியன் மட்டும், விளக்கு சரியாக விழுகிறதா பார்க்கிறேன் என்று நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி மேலே பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"அண்ணே, அப்படியே இருங்க. கடைவாய்ப் பல்லு எத்தனை நாளா வலிக்குது?"

"அது... சாப்பிடும்போது மட்டும்தாம்மா."

அவள் குரலே மாறிவிட்டது. முகக்கவசம் ஏறியது, விளக்கு இறங்கியது. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பெரிய டாக்டர். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, திங்கக்கிழமை வர்றியா?"

தங்கை நிமிரக்கூட இல்லை.

"அப்புறம் பேசறேன் டாக்டர். பேஷன்ட் இருக்காங்க."