பர்மாவிலிருந்து சாப்பிட வந்தவர்

வைசன் நமலோம்பா கடல் கடந்து போய் மூன்று ஆண்டு நான்கு மாதம் பட்டாளத்தில் இருந்தார். அந்த மூன்று ஆண்டு நான்கு மாதமும் ஒரு நாள்கூடத் தவறாமல், சோம்பா மலைக்குக் கீழே நச்சூமாவில் இருந்த தம் வீட்டுக்கு மாலைச் சாப்பாட்டுக்கு வந்துபோனார். இதில் வியப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று, 1991ஆம் ஆண்டு அவர் இறக்கும்வரை ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பர்மா என்பது பட்டாளக் குடியிருப்புக்குப் பின்னால், மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கும் இடம் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்த ஊரில் அக்டோபர் வெயில் கொளுத்தும் மாதம், அப்போதும் சொட்டச் சொட்ட நனைந்து வருவார். மனைவி மைலெசி அவர் காலில் ஒட்டியிருக்கும் அட்டைகளை உப்புத் தடவி எடுத்துப் போடுவாள். சோளக் களியும் கருவாடும் சாப்பிடுவார். தூங்கும் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். பர்மாவிலிருந்து அவர் அனுப்பிய கடிதத்தைப் பள்ளி ஆசிரியர் வந்து வாசித்துக் காட்டியபோதும் வைசன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஓயாத மழை, வீட்டு நினைப்பாகவே இருக்கிறது என்று கடிதம் சொன்னது. முழுவதையும் கேட்டுவிட்டு, பாவம், யாரோ ரொம்பக் கஷ்டப்படுகிறான் என்று சொல்லி இன்னொரு உருண்டை களி கேட்டார்.

1945 மே மாதம் எனிஃபா பிறந்தாள். மூத்தவன் லாஸ்டனுக்கு அப்போது ஐந்து வயது. இளையவன் கென்சன் போர் முடிந்தபின் பிறந்தவன். மூவரில் எனிஃபாதான் அப்பாவுக்கு ஒட்டு. அவளுக்கு மலேரியா கண்டபோது எட்டு மைல் முதுகில் சுமந்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் பள்ளிச் சீருடையைத் தாமே தைத்தார். கடைசி ஆறு ஆண்டு அவர் கண் தெரியாமல் கிடந்தபோது, புருஷன் வீட்டை விட்டு வந்து அவருக்கு ஊட்டிவிட்டவள் அவள்தான்.

அடக்கத்தன்று காலையில் குழப்பம் வந்தது. இறந்தவரின் வரலாற்றை எழுதி, கூட்டத்தின் முன் வாசித்த பிறகுதான் நச்சூமாவில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். வரலாறு முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள், அவர்கள் பூ வைப்பார்கள். எழுதுகிற வேலை லாஸ்டனுடையது. பள்ளித் தலைமையாசிரியர், ஒரு தேதி தவறினாலும் தூக்கம் வராதவர். முன்னாள் வீரர் சங்கத்திலிருந்து வந்த கிழவர் சார்ஜென்ட் அமீடு, படைப் பதிவின் நகலை அவரிடம் கொடுத்தார். 1943 பிப்ரவரியில் கப்பலேறினார், 1946 ஜூனில் திரும்பினார், இடையில் விடுமுறை இல்லை என்று அதில் இருந்தது. லாஸ்டன் அதை நான்கு முறை படித்தார். பிறகு தங்கையை மாமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"எனிஃபா, இந்தத் தாள்ல இருக்கறத எழுதினா நீ இல்ல. நீ இருக்கறத எழுதினா அப்பா பட்டாளத்துலயே இல்ல. நான் என்னத்த எழுத?"

நாற்பத்தாறு ஆண்டாக அப்பா என்று கூப்பிட்டவரைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட ஒரு தாள் குறுக்கே நிற்கிறது. எனிஃபா அம்மாவிடம் போனாள். மைலெசி பாயில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் ஏற்கெனவே சிலர் விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கியிருந்தார்கள். தினம் வந்தார், சாப்பிட்டார், போனார், இதில் புரியாதது என்ன என்று மைலெசி கேட்டாள். எனிஃபா சார்ஜென்டிடம் ஓடினாள். அவரும் சத்தியம் செய்தார். பர்மாவில் கபாவ் பள்ளத்தாக்கில் ஒரே பதுங்குகுழி, ஒரே தார்ப்பாய், ஒரு சாயங்காலம்கூட வைசன் தம் பக்கத்தை விட்டு நகரவில்லை என்றார். இருவர் பேச்சிலும் பொய்யின் வாடை இல்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

குழி வெட்டுகிறவர்களுக்குச் சாவு வீட்டில் குழிக்கு ஒரு கோழி கூலி, யாரை வேண்டுமானாலும் கேலி செய்ய உரிமையும் உண்டு. அவர்களின் தலைவன் சிக்கோண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கத்தினான்.

"ஒரு குழி போதுமா வாத்தியாரே, இல்ல பர்மாக்காரருக்குத் தனியா ஒண்ணு வெட்டணுமா? ரெண்டுன்னா கோழியும் ரெண்டு."

யாரும் சிரிக்கவில்லை. எனிஃபா கிழவர் சார்ஜென்டைக் கைபிடித்து எழுப்பி அம்மாவின் முன் கொண்டுவந்து உட்காரவைத்தாள். யாராவது ஒருவர் மாற்றிச் சொல்லட்டும் என்று நினைத்தாள். இருவரும் சொன்னதையே சொன்னார்கள். கடைசியில் சார்ஜென்ட் தாடையைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல அம்மா. ராத்திரிச் சோத்த அவன் தொடவே மாட்டான். பசிக்கலைம்பான். நாங்க எலும்பா கெடந்தோம், இவனுக்குப் பசிக்கல. மூணு வருஷம் அவன் பங்க நான்தான் தின்னேன்."

"பின்ன?" என்றாள் மைலெசி. "இங்க மூணு உருண்டை முழுங்கிட்டு வந்தா அங்க எப்பிடிய்யா பசிக்கும்?"

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவ்வளவு சோற்றுக்கும் நன்றி என்றார். விரல்விட்டு எண்ணியவர்கள் எண்ணுவதை விட்டார்கள்.

லாஸ்டன் தலைமையாசிரியர் குரலில் வாசித்தார். 1943 பிப்ரவரி முதல் 1946 ஜூன்வரை வைசன் நமலோம்பா கடல் கடந்து போரில் இருந்தார், விடுமுறை எடுக்கவில்லை. அதே தேதிகளில் மாலை வேளைகளில் நச்சூமாவில் தம் வீட்டில் இருந்தார். பிள்ளைகள் மூவர். யாரும் முணுமுணுக்கவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அந்த இடத்தை இன்னொரு முறை சத்தமாக வாசி என்று ஊர்த் தலைவி மட்டும் சொன்னாள். லாஸ்டன் மீண்டும் வாசித்தார்.

ஒரு மனிதர் எப்படி இரண்டு இடத்தில் இருந்தார் என்று எனிஃபாவுக்கு அன்றும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை. லாஸ்டனுக்கு அடுத்து, கென்சனுக்கு முன்னால், அவள் பெயரை அழைத்தார்கள். பூவை எடுத்துக்கொண்டு நடந்தாள். சிக்கோண்டி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

"பாத்து வா அக்கா. மண்ணு வழுக்குது."