பென்டிரைவின் கைவரிசை

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கும் அது நினைவில்லை. சாவிக்கொத்தோடு பென்டிரைவையும் கோத்துக்கொண்டு அலைவதால் 'பென்டிரைவ்' என்றால்தான் தெரியும். மூச்சு வாங்கும் பழைய கம்ப்யூட்டர் எதைக் கண்டாலும், "விண்டோஸைத் தூக்கிட்டு லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்பான். ஓடவும் செய்தது. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையோடுதான் அக்காவின் தையல் கடைக்குப் போனான். எம்பிராய்டரி மிஷினுக்கு அக்கா தானே வரைந்த பூக்கள் அத்தனையும் அங்கிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

"டிசைனெல்லாம் பத்திரம்டா."

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமாக்கா?"

எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றினான். பிறகு, வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டே, கம்ப்யூட்டரில் போடுவதற்காக அதே பென்டிரைவில் லினக்ஸை எழுதினான். அப்படி எழுதினால் அதிலிருப்பது மொத்தமும் அழியும் என்பது ஊருக்கெல்லாம் அவன் சொல்லும் பாடம். திரை எச்சரித்தது, படிக்காமலே 'சரி' என்று தட்டினான். அடுத்து ஹார்டு டிஸ்கையும் துடைத்து லினக்ஸைப் போட்டான்.

கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. அக்கா கைதட்டினாள்.

"சரி, என் பூவையெல்லாம் திருப்பிப் போடு."

பென்டிரைவைச் செருகினான். லினக்ஸைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அழிந்ததை மீட்டெடுக்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்தான். ஒரு பூவும் திறக்கவில்லை.

"நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனாடா?" என்று அக்கா ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினாள். அவன் தேட விட்டான். அழித்ததைவிட அப்படிச் சும்மா நின்றதுதான் அவனைக் கூசவைத்தது.

"கஷ்டப்பட்டு பண்ணிக் குடுத்தே, கெடுத்துட்டேன் பாரு," என்றாள் அக்கா. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"நீ இல்லக்கா. ரெண்டு இடத்துலயும் நான்தான் அழிச்சேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அலமாரியிலிருந்து பூ தைத்த துணி ஒன்றை எடுத்து விரித்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் பூவை முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். தாள் நகராமல் அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

பக்கத்துக் கடை சலவைக்காரர் ஒரு லேப்டாப்போடு உள்ளே வந்தார்.

"நகரவே மாட்டேங்குதும்மா. உன் தம்பி கை வச்சா சரியாயிடும்னாங்க."

அவன் தலை நிமிரவில்லை. அக்காதான் பதில் சொன்னாள், பென்சிலை நிறுத்தாமலே.

"நல்லா பண்ணுவாண்ணே. உள்ள இருக்கறத மட்டும் முதல்ல நீங்களே எடுத்து வச்சுக்குங்க."