மே மாதம்தான் நல்லது

எங்கள் கிரேக்கத் தீவில் எனக்கு நாலு அறைகள் வாடகைக்கு இருக்கின்றன. எப்போது வரலாம் என்று யார் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்தான். "மே மாசம் வாங்க. வெயில் இதமா இருக்கும், கூட்டம் இருக்காது."

முப்பது வருஷம் கழித்து ஊருக்கு வர நினைத்த என் அக்கா கலியோப்பியும் மெல்போர்னிலிருந்து அதையே கேட்டாள். "ஆகஸ்ட்ல மாதா திருவிழாவுக்கு வரட்டுமாடா?"

"ஆகஸ்ட்டா? வெயில் மண்டையப் பொளக்கும்க்கா. மே மாசம் வா."

ஆகஸ்டுக்கு நாலு அறைகளையும் வெளிநாட்டுக்காரர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

வந்தாள். வெயில் இதமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி ஊர் பூட்டிக் கிடந்தது. அவளோடு படித்தவர்கள் ஏதென்ஸிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்குத்தான் ஊர் திரும்புவார்கள். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏண்டா முட்டாள், மெல்போர்ன்ல இல்லாத வெயிலா? வெயிலைப் பாக்கவா நான் வந்தேன்?"

"அடுத்த ஆகஸ்ட் வாயேன்க்கா."

"எழுபத்தெட்டு வயசுடா எனக்கு. இருபது மணி நேரம் விமானத்துல உக்காந்து வந்தேன். இன்னொரு தடவை முடியுமா?"



அவளைக் கப்பலேற்றிவிட்டு வந்து அவள் தங்கியிருந்த வாடகை அறையைக் கூட்டப் போனேன். விருந்தினர்கள் எழுதும் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. அக்காவின் கையெழுத்து.

"அறை சுத்தம். வெயில் இதம். கூட்டம் இல்லை. வீட்டுக்காரர் மரியாதையாக நடந்துகொண்டார். கலியோப்பி, ஆஸ்திரேலியா."